ஏழைகளோடு துயிலும் கணித மேதை

நுண்கணிதப் பாடத்தைப் புதிதாகத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர் வாய்பாடுகளை மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் முதற்கொள்கையிலிருந்து வகைக்கெழு காணச் சொன்னால் திகைக்கின்றனர். இத்தகைய மாணவருக்காகவே உழைத்த மரியா கயத்தானா அக்னேசியை இன்று நினைவுகூர்வோம்.

இத்தாலியின் மிலான் நகரில் 1718ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், செல்வந்தர் பியெத்ரோ அக்னேசியின் மூத்த மகளாகப் பிறந்தார். சிறுவயதிலேயே பல மொழிகள் கற்றார். துறவற மடத்தில் சேர விரும்பினார், தந்தை இசையவில்லை. எளிய உடை அணியவும், விரும்பியபோது ஆலயம் செல்லவும், கேளிக்கைகளைத் தவிர்க்கவும் அனுமதி பெற்று வீட்டிலேயே தங்கினார். தம் தம்பிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1748இல் இரு தொகுதிகளாக அவரது நுண்கணித நூல் வெளிவந்தது. இளையோர் பயன்பெற இலத்தீனை விடுத்து இத்தாலிய மொழியிலேயே எழுதினார். முதல் தொகுதியில் இயற்கணிதம். அது தெளிந்த பிறகே இரண்டாம் தொகுதியில் நுண்கணிதம். படி தாண்டாமல் ஏறும் வழி அது.

அந்த வழியை நாமும் சற்று நடந்து பார்ப்போம். ஒரு சதுரத்தின் பக்கம் 10, பரப்பு 100. பக்கத்தை 0.1 கூட்டினால் பரப்பு 102.01 ஆகும். கூடிய 2.01ஐ 0.1ஆல் வகுத்தால் 20.1. பக்கத்தை 0.01 மட்டும் கூட்டினால் விடை 20.01. கூட்டுவது குறையக் குறைய விடை 20ஐ நெருங்குகிறது. அதாவது, பக்கத்தின் இருமடங்கு. வர்க்கத்தின் வகைக்கெழு இதுவே. கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவரும் இதைக் காணலாம்.

1750இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அவரைப் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக நியமித்தார். ஆனால் அவர் அங்குச் சென்று கற்பிக்கவே இல்லை. 1752இல் தந்தை இறந்தபின், கணிதத்தை விட்டு இறையியலிலும் ஏழைகளின் பணியிலும் தம்மை ஈடுபடுத்தினார். 1771இல் மிலானின் திரிவுல்சியோ முதியோர் இல்லத்தில் பெண்கள் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1799 ஜனவரி 9ஆம் நாள் தம் 80ஆம் வயதில் அங்கேயே இறந்து, ஏழைகளோடு பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

புரியாமல் தவிக்கும் மாணவனையும், நடக்க இயலாத முதியவரையும் அவர் ஒரே பொறுமையோடு நடத்தினார். எந்த இடத்தில் அவர்கள் நின்றார்களோ அங்கே இறங்கிவந்து கைகொடுத்தார். நம் வீட்டில் கணக்குப் புரியாமல் கலங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், அருகில் அமர்ந்து முதல் படியிலிருந்து தொடங்குவோமா?