நாடு காணப் புறப்பட்டவர்

பிறந்த நாட்டைப் பற்றிப் பேசுவது எளிது. அதனை மீண்டும் சென்று காண்பது அரிது. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது இன்னும் அரிது. எழுதியது ஏற்கெனவே அச்சில் ஏறிவிட்டது. இனிப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எழும். தம் நாட்டை நன்கு அறிந்தவர் என்று உலகமே புகழ்ந்துகொண்டிருந்தபோது, எனக்கு என் நாடு தெரியவில்லை என்று உணர்ந்து, 58-ஆம் வயதில் ஒரு நாயைத் துணையாகக் கொண்டு வண்டியேறினார் ஒருவர். அவரே அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்.

ஸ்டைன்பெக் 1902 பிப்ரவரி 27-ஆம் நாள் கலிபோர்னியாவில் சலீனஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மாவட்டப் பொருளாளராகப் பணியாற்றியவர். தாயார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இளமையிலேயே சுற்றுப்புறப் பண்ணைகளில் கூலியாட்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1919-இல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். வருவதும் போவதுமாக ஆறு ஆண்டுகளைக் கழித்து, பட்டம் பெறாமலே 1925-இல் வெளியேறினார்.

பட்டம் பெறவில்லையே ஒழிய, அறிவியல் அவரை விடவில்லை. 1923-இல் ஒரு கோடைக் காலம் கடல் உயிரியல் பயின்றார். பின்னர் மான்டரே நகரில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்திவந்த எட்வர்டு ரிக்கெட்ஸ் என்ற உயிரியலாரின் நட்பு கிடைத்தது. ஓர் உயிர் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதே, அது வாழும் இடத்தில் எப்படி இருக்கிறது என்று பார் என்பது ரிக்கெட்ஸின் கொள்கை. 1940-இல் இருவரும் மீன்பிடி படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கலிபோர்னிய வளைகுடா முழுதும் சுற்றி, கரையோர உயிர்களைச் சேகரித்தனர். அறிவியல் மாணவனாகிய எனக்கு ஸ்டைன்பெக்கின் நாவல்களைவிட இந்த நட்பே முதலில் அவரிடம் பற்றை உண்டாக்கியது.

கொள்கையைக் கடற்கரையோடு அவர் நிறுத்திவிடவில்லை. 1930-களில் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்தது. மண் புழுதியாகப் பறந்தது. நிலம் இழந்த குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தன. 1936-இல் ஒரு நாளிதழுக்காக அக் குடும்பங்களைக் காணச் சென்றார் ஸ்டைன்பெக். அவர் சென்றது ரொட்டிக் கடைக்காரர் ஒருவரிடமிருந்த பழைய வண்டியில். சாலையோரக் கூடாரங்களில் பசியையும் நோயையும் கண்டார். அதன் விளைவாக 1939-இல் வெளிவந்ததே ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்னும் நாவல். கலிபோர்னியாவிலேயே கெர்ன் மாவட்டம் அந் நூலைப் பொது நூலகங்களிலிருந்து விலக்கியது. அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

புகழ் வந்தது, அதனோடு தொலைவும் வந்தது. கலிபோர்னியாவை விட்டு நியூயார்க்கில் குடியேறினார். 1943-இல் போர்ச் செய்தியாளராக ஐரோப்பா சென்றார். 1947-இல் ரஷ்யா சென்றார். உலகைச் சுற்றினார், உள்நாட்டுச் சாலைகளை மறந்தார். ஆயினும் அமெரிக்க மக்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். நினைவில் இருந்து எழுதியதே தவிர, கண்டு எழுதியது அன்று. 1959 இறுதியில் உடல்நலம் கெட்டது. ஓய்வெடுக்க வேண்டும் என்றனர். அவரோ வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த வண்டியைச் சற்று நின்று பார்ப்போம். முன்னால் வலிமையான ஜி.எம்.சி. லாரி, அதன் முதுகில் நம் ஊர்க் கூண்டு வண்டி போலப் பொருத்திய சிறு வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, விளக்கு, கழிப்பிடம் யாவும் அதற்குள் அடக்கம். துணி துவைக்க அவர் கண்ட வழி, ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் பாராட்டத் தக்கது. மூடியுள்ள வாளியில் நீரும் சோப்பும் அழுக்குத் துணியும் இட்டு, இழுபடும் கயிற்றில் தொங்கவிடுவார். நாள் முழுதும் வண்டி குலுங்கும் குலுக்கலில் துணி வெளுத்துவிடும். கனவு வீரன் டான் குவிக்ஸாட்டின் மெலிந்த குதிரையின் பெயரான ரோசினான்டே என்பதையே வண்டிக்குச் சூட்டினார்.

உடன் சென்றது சார்லி, பிரான்சில் பிறந்த முதிய பூடில் நாய். காவலுக்கு என்று அழைத்துச் சென்றாலும், அதனால் விளைந்த பெரும் பயன் வேறு. தனியே நிற்கும் அயலானைக் கண்டால் மக்கள் ஒதுங்குவார்கள். நாயோடு நிற்பவனிடம் நாயைப் பற்றிக் கேட்டாவது பேச்சுத் தொடங்குவார்கள். சார்லி முன்னே சென்று அறிமுகம் செய்துவைக்கும். பின்னே இவர் காப்பிக் கோப்பையோடு செல்வார்.

1960 செப்டம்பர் 23-ஆம் நாள் லாங் தீவிலிருந்து புறப்பட்டனர். வடகிழக்கே மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு எடுக்க வந்த கனடாக் கூலிக் குடும்பங்களைக் கண்டனர். நயாகராவில் எல்லை கடந்து கனடா வழியே செல்ல எண்ணினார். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமையால் திரும்ப நேர்ந்தது. யெல்லோஸ்டோன் காட்டில் கரடிகளைக் கண்டதும், அதுவரை சாதுவாக இருந்த சார்லி வெறிகொண்டு குரைத்தது, பாதியிலேயே திரும்பினர். பின்பு சார்லிக்குச் சிறுநீர் அடைத்து நோய் கண்டபோது, ஊர் ஊராக மருத்துவரைத் தேடி அலைந்தார் அந்தப் பெரிய எழுத்தாளர்.

பயணத்தில் இரண்டு இடங்கள் என்னை நிறுத்தின. ஒன்று அவர் பிறந்த வட்டாரம். அங்கே ஊர் வளர்ந்திருந்தது. நண்பர் பலர் இறந்திருந்தனர். எஞ்சியவர்களுக்கு இவர் பழைய ஆளாகவே இருக்க வேண்டியிருந்தது. குன்றின் மேல் ஏறிப் பள்ளத்தாக்கை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மற்றொன்று நியூ ஆர்லியன்ஸ். அந்த நவம்பரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் சேர்ந்திருந்தாள். நாள்தோறும் அவள் வரும் நேரத்தில் வெள்ளைப் பெண்கள் வாயிலில் கூடி இழிசொற்களை வீசினர். ஸ்டைன்பெக் கூட்டத்தில் நின்று அதைக் கண்டார். அதன்பின் அவருக்குப் பயணத்தில் மனம் செல்லவில்லை. விரைந்து வீடு திரும்பினார். ஏறத்தாழ 11 வாரம், 10,000 மைல். தம் சொந்த நியூயார்க் நகரத் தெருவிலேயே வழி தவறி நின்றதோடு பயணம் முடிந்தது. நூல் 1962-இல் வெளியாயிற்று. அவ்வாண்டே நோபல் பரிசும் வந்தது. 1968 டிசம்பர் 20-இல் அவர் மறைந்தார். அவருடைய சாம்பல் சலீனஸில் புதைக்கப்பட்டது. வண்டியும் இன்று அவ்வூரிலுள்ள அவர் நினைவுக் காட்சியகத்தில் நிற்கிறது.

ஒன்றை மறைக்கலாகாது. 2010-இல் ஒரு பத்திரிகையாளர் அதே வழியில் சென்று ஆராய்ந்தார். பல இரவுகளை ஸ்டைன்பெக் விடுதிகளில் கழித்தார்; பல நாட்கள் மனைவி ஈலேன் உடனிருந்தார்; சில உரையாடல்கள் கற்பனையாக இருக்கலாம் என்று எழுதினார். பின்வந்த பதிப்பின் முன்னுரையும் அந்நூலை வரிக்கு வரி உண்மையாகக் கொள்ள வேண்டாம் என்றது. ஆய்வுக் குறிப்பேட்டில் இப்படிச் செய்தால் நம் பேராசிரியர்கள் ஏட்டைக் கிழித்தெறிவார்கள், அது நியாயமே. ரிக்கெட்ஸின் தோழர் இதைச் செய்திருக்க வேண்டாம் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் பள்ளி வாயிலில் நடந்தது கற்பனை அன்று. அவர் போகாமல் இருந்திருந்தால், நினைவில் இருந்த அமெரிக்காவையே இறுதிவரை எழுதியிருப்பார்.

நண்பர்களே, நம்மில் பலர் பெற்றோரின் பணி காரணமாக வெளி மாநிலங்களில் வளர்ந்தவர்கள். நானும் அப்படியே. ஆண்டுக்கொரு முறை பத்து நாள் ஊர் சென்று, திருமண வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்விட்டு, சங்க மேடையில் ஓராண்டு முழுதும் தமிழகத்தைப் பற்றிப் பேசுகிறோம். நாம் பேசுவது பெரும்பாலும் பெற்றோர் விட்டுவந்த தமிழகம். வரும் கோடையில் ஊர் செல்லும்போது இரண்டு நாளாவது உறவினர் வீட்டை விட்டு வெளியே வருவோம். நகரப் பேருந்தில் ஏறுவோம். டீக்கடைப் பலகையில் அமர்வோம். நம் வயதுடையோர் வேலை தேடி எங்கே போகிறார்கள், வடக்கிலிருந்து அங்கே வேலைக்கு வந்தோர் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்போம். கண்டதைக் கண்டபடி அடுத்த மலரில் எழுதுவோம். மனத்துக்கு இனியதாய் இராவிட்டாலும் எழுதுவோம்.