ஜப்பானுக்குப் போன இங்கிலீஷ் வாத்தியார்

வேற நாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ரெண்டு மூணு வருஷம் இருப்பார்கள், சம்பாதிப்பார்கள், ஊர் திரும்பிவிடுவார்கள். லாஃப்காடியோ ஹெர்ன் திரும்பவே இல்லை. பேரை மாற்றி, குடியுரிமையை மாற்றி, கடைசியில் டோக்கியோவிலேயே அடக்கம் ஆனார். ஜப்பான்காரர்கள் இன்றைக்கும் அவரை கொய்சுமி யாகுமோ என்றுதான் சொல்கிறார்கள்.

உண்மையைச் சொல்லப்போனா, திரும்பிப் போக அவருக்கு ஒரு ஊரே இல்லை. 1850 ஜூன் 27ஆம் தேதி கிரேக்க நாட்டுப் பக்கம் லெஃப்காதா என்ற தீவில் பிறந்தார். லாஃப்காடியோ என்ற பேரே அந்தத் தீவின் பேரில் இருந்து வந்ததுதான். அப்பா அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தில் டாக்டர். அம்மா ரோசா கிரேக்கப் பெண். ரெண்டு வயசுக் குழந்தையை அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அந்த ஊர் ஒத்துவரவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு கிரேக்கத்துக்கே போய்விட்டார். அதற்கப்புறம் ஹெர்ன் தன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அப்பாவோ வேற கல்யாணம் செய்துகொண்டு, ராணுவ வேலையாக நம்ம இந்தியாவுக்கு வந்துவிட்டார். அப்பா வழிப் பாட்டியின் சகோதரிதான் பையனை வளர்த்தார்.

பதினாறு வயசில் இங்கிலாந்தில் ஹாஸ்டல் பள்ளியில் படிக்கும்போது, விளையாட்டில் அடிபட்டு இடது கண் போனது. மீதி இருந்த வலது கண்ணிலும் பார்வை மங்கல்தான். அவருடைய போட்டோக்களைப் பாருங்க, முகத்தைத் திருப்பிக்கொண்டோ கீழே குனிந்துகொண்டோதான் நிற்பார். வளர்த்த பாட்டியும் சொத்தை எல்லாம் இழந்தார். 19 வயசில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சின்சினாட்டி நகரில் பட்டினி கிடந்து, ஒரு அச்சகக்காரர் உதவியால் பிழைத்து, பத்திரிகை நிருபர் ஆனார். 1874இல் அடிமையாகப் பிறந்த மேட்டி ஃபோலி என்ற கறுப்பினப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். அப்போது அந்த மாநிலத்தில் அது சட்டப்படி குற்றம். வேலை போனது. கொஞ்ச நாளில் அந்தக் கல்யாணமும் முறிந்தது. அவர் 1877இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டார், மேட்டி தனியாக நின்றார். பெரிய மனிதர் என்பதற்காக இதை மறைத்து எழுதக்கூடாது.

1890 ஏப்ரலில் ஜப்பானைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் யோகோஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கினார். கூட வந்த ஓவியருக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று தெரிந்ததும் கோபம் வந்து, பத்திரிகைக் கம்பெனியோடு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார்! தெரியாத நாடு, தெரியாத மொழி, கையில் வேலை இல்லை, வயசோ நாற்பது ஆகப்போகிறது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சேம்பர்லின் என்பவர் முயற்சி செய்து ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். மட்சுயே என்ற ஊரில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை, மாசம் 100 யென்.

மட்சுயே டோக்கியோவில் இருந்து ரொம்ப தூரம், ஜப்பான் கடல் ஓரம். அப்போது அங்கே ரயில் இல்லை. மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவில் மலை தாண்டி நாலு நாள் பயணம் செய்து ஆகஸ்ட் கடைசியில் போய்ச் சேர்ந்தார். காலையில் நெல் குத்தும் சத்தம், பாலத்து மேல மரச்செருப்புச் சத்தம், பக்கத்தில் பெரிய ஏரி. கண் சரியாகத் தெரியாதவர் ஊரைக் காதால் பழகிக்கொண்டார் என்றே சொல்லலாம். தலைமை ஆசிரியர் நிஷிதா சென்டாரோ நன்றாக இங்கிலீஷ் பேசுவார். எந்த வகுப்பு எங்கே, யாருக்கு எப்படி வணக்கம் சொல்லணும் என்பதை எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கடைசி வரை நண்பராகவே இருந்தார்.

மாணவர்களுக்கு இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொல்வார் ஹெர்ன். எளிய தலைப்புகள்தான். வந்த நோட்டுகளைப் படிக்கப் படிக்கத்தான் அவருக்கு அந்த நாடு புரிய ஆரம்பித்தது. இதற்கு முன்னால் இருந்த இங்கிலீஷ் வாத்தியார், அரசர் படத்துக்கு வணங்குவது காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியதாக ஒரு பையன் சொன்னான். அது உங்கள் கடமை, அதில் கேவலம் ஒண்ணும் இல்லை என்று ஹெர்ன் பதில் சொன்னார். பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க!

யோகோகி என்று ஒரு மாணவன். தச்சர் மகன், படிப்பில் கெட்டி. உடம்பு முடியாமல் படுத்தவன் சாகும் முன்னால் பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று ஆசைப்பட்டான். பனி கிடந்த ராத்திரியில் வீட்டு வேலைக்காரர் அவனை முதுகில் சுமந்துகொண்டு போய், இருட்டில் நின்ற கட்டிடத்தைக் காட்டிவிட்டு வந்தார். அதன்பின் இறந்துபோனான். ஹெர்ன் பின்னால் எழுதிய புத்தகத்தில் அவனையும், அதே போல இறந்த இன்னொரு மாணவனையும் பற்றி எழுதி வைத்தார். அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் அவர்கள் பேர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

1891 ஜனவரிக் குளிரில் வாத்தியாரே படுத்துவிட்டார். கவர்னர் மகள் அவருக்குப் பாடும் குருவி ஒன்றைப் பரிசாக அனுப்பினாராம். அந்தச் சமயத்தில்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ள கொய்சுமி செட்சு என்ற பெண் வந்தார். சாமுராய் வம்சம், ஆனால் குடும்பம் நொடித்துப் போயிருந்தது. ரெண்டு பேரும் கணவன் மனைவி ஆனார்கள். அவருக்கு ஜப்பான் மொழி அரைகுறை, அவருடைய மனைவிக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. அதனால் தங்களுக்குள்ளே ஒரு தனிப் பேச்சு வைத்துக்கொண்டார்கள். உருபும் கிடையாது, வினைமுற்றும் மாறாது. நம்ம தமிழில் "நேத்து நான் கடை போ" என்கிற மாதிரி! செட்சு ஒரு நோட்டில் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தன் ஊர் உச்சரிப்பிலேயே ஜப்பான் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். அந்த நோட்டு பத்திரமாக இருக்கிறது.

குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் குமமோட்டோ என்ற ஊருக்கு மாறினார். 200 யென் சம்பளம். அங்கே பிரின்சிபால் யார் தெரியுமா? ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ! ஆனால் அந்த ஊர் ஹெர்னுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் வேலையை உடனே விட முடியாது. மாமனார், மாமியார், மனைவியின் தாத்தா எல்லாரும் அவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். 1893இல் மூத்த மகன் கசுவோ பிறந்தான். அம்மா அப்பா ரெண்டு பேராலும் கைவிடப்பட்டவருக்கு அப்போதுதான் பெரிய பயம் வந்தது. நான் செத்துப்போனால் இவர்களுக்கு என்ன கிடைக்கும்? பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தால் மனைவி மக்களுக்குச் சொத்துரிமைச் சிக்கல். கடைசியில் 1896இல் மாமனார் வீட்டுப் பேரையே ஏற்று, ஜப்பான் குடிமகன் ஆனார். யாகுமோ என்றால் எட்டு மேகங்கள். மட்சுயே இருக்கும் இசுமோ நாட்டுக்குப் பழைய அடைமொழி அது.

அதே வருஷம் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தப் போனார். ஏழு வருஷம் நடத்தினார். 1903இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுக்காரர் சம்பளம் பெரிது, ஐரோப்பாவில் படித்துத் திரும்பும் ஜப்பானியர்களே போதும் என்ற நிலைமை. குடும்பத்துக்காக ஜப்பானியர் ஆனவரை அங்கே வெளிநாட்டுக்காரராகவே கணக்குப் பார்த்தார்கள். மாணவர்கள் கொதித்துப் போனார்கள். கொஞ்சம் வேலையைக் குறைத்துத் தருகிறோம் என்றது நிர்வாகம். முடியாது என்று வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நட்சுமே சோசெகி, பிற்காலத்தில் ஜப்பானின் பெரிய நாவலாசிரியர்.

வீட்டில் ராத்திரி விளக்கைச் சின்னதாக்கிக்கொண்டு செட்சு பேய்க்கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக்கூடாது, சொந்த வார்த்தையில்தான் சொல்லணும் என்பது கணவரின் கண்டிஷன். அப்படி வந்ததுதான் 1904இல் வெளியான 'குவைடான்'. அதில் ஹோயிச்சி என்ற கண் தெரியாத பாடகனின் கதை ஒன்று உண்டு. அதை எழுதும் நாளில், விளக்குக்கூட ஏற்றாத அறையில் அவர் உட்கார்ந்திருக்க, செட்சு பக்கத்து அறையில் இருந்து மெல்ல ஹோயிச்சி என்று கூப்பிட்டார். உடனே இவரும், நான் குருடன், நீங்கள் யார் என்று ஹோயிச்சியாகவே பதில் சொன்னாராம்!

அந்த வருஷமே செப்டம்பர் 26ஆம் தேதி, வசேடா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், மாரடைப்பால் இறந்தார். வயசு 54. மட்சுயேயில் கோட்டை அகழி ஓரம் அவர் வாடகைக்கு இருந்த சாமுராய் வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1933இல் நினைவு மியூசியமும் திறந்தார்கள்.

இன்னொரு விஷயம். டோக்கியோ வகுப்பில் அவர் பாடத்தைப் புத்தகமாக எழுதி வைத்துக்கொண்டு நடத்தவில்லை. பையன்களுக்குப் புரியணும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார், அவர்கள் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து, 1915இல், அந்த மாணவர்களின் நோட்டுகளில் இருந்துதான் அவருடைய இலக்கியப் பாடங்கள் நியூயார்க்கில் புத்தகமாக அச்சாயின.