யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார்

நெடுநாளைய இடுப்பு வலி ஆளைக் கொல்லுவதில்லை. ஆனால், அவனைக் குனியவும் விடாது, நிமிரவும் விடாது. உழவரும் நெசவாளரும் எழுத்தரும் ஒருங்கே அறிந்த துன்பம் அது. அது நீங்கச் சிலர் தைலம் தேய்ப்பர். சிலர் கையால் அழுத்தித் தசையையும் எலும்பையும் சீராக்கும் ஆஸ்டியோபதி என்னும் மேனாட்டு முறையை நாடுவர். பலர் யோகாசனம் பயில்வர். இவற்றுள் எது உண்மையில் பயன் தரும் என்பதைப் பேச்சால் அன்று, சோதனையால் அறிதல் வேண்டும். ஆசனங்களை நோய் தீர்க்கும் முறையாக வளர்த்ததோடு, தம் உடலையே சோதனைக்குக் கொடுத்த பெரியார் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவரே திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

அவர் 1888-ஆம் ஆண்டு, மைசூர் இராச்சியத்துச் சித்திரதுர்க்கப் பகுதியில், வைணவ அந்தணர் குடியில் பிறந்தார். மைசூரிலும் காசியிலும் வடமொழி நூல்களைக் கற்றார். இமயத்துக்கு அப்பால் ஒரு குருவை அடுத்துப் பல்லாண்டு யோகம் பயின்றதாகக் கூறுவர். 1930-களில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராச உடையார் ஆதரவில் அரண்மனை யோகசாலையை நடத்தினார். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே. நாடு விடுதலை பெற்றபின் அரண்மனை ஆதரவு சுருங்கியது. 1950-இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபதைக் கடந்த வயதில் அவர் பிழைப்புக்கு வேறு வழி காண வேண்டியதாயிற்று.

அந்நிலையில் பக்கவாதத்தால் நலிந்த சட்ட அறிஞர் ஒருவருக்குச் சிகிச்சை செய்யச் சென்னைக்கு அழைக்கப்பட்டார். வந்தவர் இங்கேயே தங்கினார். மயிலாப்பூர் விவேகானந்தர் கல்லூரியில் யோகம் கற்பித்தார். வீட்டுக்கு வந்த நோயாளிகளையும் கவனித்தார். மைசூரில் இளைஞரைத் தாவவும் வளையவும் செய்த ஆசிரியர், சென்னையில் நாடி பார்த்து, மூச்சின் நீளத்தைக் கணித்து, நாற்காலியை விட்டு எழ இயலாதவர்க்கும் ஏற்ற பயிற்சி வகுப்பவரானார். ஆசனத்துக்காக மனிதனை வளைப்பதன்று, மனிதனுக்காக ஆசனத்தை மாற்றுவதே அவர் முறை. அவர் வழிவந்தோர் இடுப்பு வலிக்குக் கற்பிக்கும் பயிற்சிகள் மிக எளியவை. மல்லாந்து படுத்து, மூச்சை விடும்போது முழங்கால்களை வயிற்றை நோக்கி இழுப்பது ஒன்று. பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது இடுப்பை மெல்ல உயர்த்துவது மற்றொன்று.

இனிச் சோதனையைக் கூறுவோம். 1935-இல் தெரேசு பிரோசு என்னும் பிரெஞ்சு மருத்துவ அம்மையார், இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் கருவியுடன் இந்தியா வந்தார். அவர் சோதித்தவருள் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். பதிவில் அலைகள் மிகச் சிறுத்தன. யோகி இதயத்தை நிறுத்த வல்லவர் என்னும் பேச்சு உலகெங்கும் பரவியது. 1957-இல் வெங்கர், பாக்சி என்னும் ஆய்வாளர் வந்து, அவரையும் பிற யோகியரையும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது; அதனால் மணிக்கட்டில் நாடி மறைகிறது; இதயம் மட்டும் நிற்பதில்லை. 1961-இல் வெளிவந்த முடிவு இதுவே. இதனால் அவர் புகழுக்கு இழுக்கு நேர்ந்தது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முதுமையிலும் கருவியின் முன் அமர அவர் மறுக்கவில்லை அன்றோ?

பொறியியல் கற்ற அவர் மகன் தேசிகாச்சாரி, தந்தையிடமே மாணவராகி, 1976-இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். அது மந்தைவெளியில் இயங்கி வருகிறது. தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது முதியவர் அறுவைச் சிகிச்சையை மறுத்து, படுக்கையில் கிடந்தவாறே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார் என்பர். ஆயினும், ஒருவர் தேறியது சோதனை ஆகாது. அவர் 1989-இல், நூறாண்டு நிறைந்தபின், சென்னையில் காலமானார்.

இடுப்பு வலிக்கு உரிய சோதனை பின்னரே வந்தது. இங்கிலாந்தில் யார்க்குப் பல்கலைக்கழகத்தார், நெடுநாள் வலியுடைய 313 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு பன்னிரண்டு யோக வகுப்புகளும் அளிக்கப்பட்டன. கற்பித்தவருள் ஐயங்கார் வழியினரும் இருந்தனர். 2011-இல் வெளியான முடிவின்படி, யோகம் பயின்றோர் ஓராண்டு கழிந்தும் மற்றவரினும் எளிதாக நடமாடினர். வலியின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிலருக்கு வலி மிகுந்ததும் உண்டு. பிரான்சில் 400 பேரிடம் ஆஸ்டியோபதியைப் போலி அழுத்தத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில் கண்ட பயன் மிகச் சிறிதே. யார்க்கில் கற்பித்தது வகுப்பினர் அனைவர்க்கும் பொதுவாக வகுத்த பாடம். நாடி பார்த்து, ஒவ்வொருவர்க்கும் தனியே பயிற்சி வகுத்த மயிலாப்பூர் ஆசிரியரின் முறை அதனினும் மிகுந்த பயன் தருமா என்பதை அந்தச் சோதனை ஆராயவில்லை.