மீட்டரை நம்பிய மேரி கியூரி அம்மையார்



லேபில் ரீடிங் சரியா வரலைன்னா நாம என்ன செய்வோம்? சீனியர் அண்ணன்களோட ரெக்கார்டு நோட்டைப் புரட்டி, தியரிக்குப் பொருந்துற மாதிரி ரெண்டு எண்ணை மாத்திப் போட்டுக் கையெழுத்து வாங்கிடுவோம். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்! அப்படிப் பொருந்தாத ஒரு ரீடிங்கை மாத்தாமல் விட்டதால் உலகப் புகழ் பெற்ற பெண்மணியின் வரலாறு இது.

1867 நவம்பர் 7. போலந்து நாட்டு வார்சா நகரம் அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே ஓர் ஆசிரியர் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் மரியா. பத்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பள்ளியில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஆனாலும் வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அக்காள் பாரிஸில் மருத்துவம் படிக்கட்டும், செலவுக்குத் தங்கை சம்பாதித்து அனுப்பட்டும், பிறகு அக்காள் தங்கையைப் படிக்க வைக்கட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டனர். பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே பல வருடம் போயிற்று. 1891-ல்தான் பாரிஸுக்கு ரயிலேறினார். வயது 24! அரியர்ஸ் வைத்து ஒரு வருடம் போனாலே வாழ்க்கை போச்சு என்று உட்கார்ந்துவிடும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

1893-ல் இயற்பியல் தேர்வில் முதலிடம். 1895-ல் பியர் கியூரியைத் திருமணம் செய்துகொண்டார். பியர் வேலை பார்த்த இடம்தான் நமக்கு முக்கியம். அது பெரிய பல்கலைக்கழகம் இல்லை. தொழிற்சாலைகளுக்கு இஞ்சினியர்களைத் தயார் செய்ய 1882-ல் பாரிஸ் நகராட்சி தொடங்கிய பள்ளி. நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அங்கே ஒரு ஸ்டோர் ரூமை அம்மையாருக்கு ஒதுக்கினார்கள். 1898 பிப்ரவரியில் ஒருநாள் அந்த அறையின் வெப்பநிலை 6.25 டிகிரி என்று அவரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நாளில் நம்ம வில்லியனூரும் பாகூரும்கூட அதே பிரெஞ்சு ஆட்சியின் கொம்யூன்களாகத்தான் இருந்தன.

யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருவதை 1896-ல் பெக்கரல் கண்டுபிடித்திருந்தார். அது எவ்வளவு வருகிறது என்று அளப்பதே அம்மையார் எடுத்துக்கொண்ட வேலை. ரெண்டு உலோகத் தட்டு, இடைவெளி 3 செ.மீ., நடுவே 100 வோல்ட். கீழ்த்தட்டில் தாதுப் பொடியைப் பரப்பினால் கதிர் காற்றை அயனியாக்கும், மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அதை நேராக அளக்க வழியில்லை. பியரும் அவர் அண்ணனும் கண்டுபிடித்த முறைப்படி குவார்ட்ஸ் படிகத்தில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் எதிர் மின்னூட்டம் வரும். ரெண்டும் சமமாகி எலெக்ட்ரோமீட்டர் சுழியிலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டு, கையில் ஸ்டாப் வாட்சோடு நேரத்தைக் குறிக்க வேண்டும். வீட்ஸ்டன் பிரிட்ஜில் நாம் 'நல் டிஃப்ளெக்ஷன்' பார்க்கிறோமே, அதே தத்துவம்தான்.

கதிரின் அளவு யுரேனியத்தின் அளவைப் பொறுத்தது என்று தெரிந்தது. இதில்தான் வந்தது சிக்கல்! பிட்ச்பிளெண்ட் என்ற தாதுவை வைத்தால், சுத்த யுரேனியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் ரீடிங். தாதுவில் யுரேனியம் ஒரு பங்குதானே, எப்படிக் கூடும்? நாமாக இருந்தால் மீட்டர் ரிப்பேர் என்று சொல்லியிருப்போம். அம்மையார் திரும்பத் திரும்ப அளந்தார். சால்கோலைட் என்ற இன்னொரு தாதுவும் அப்படியே கூடுதலாகக் காட்டியது. அதே சேர்மத்தை லேபிலேயே செயற்கையாகத் தயாரித்து வைத்தார். அதில் கூடுதல் இல்லை! அப்படியானால் இயற்கைத் தாதுவுக்குள் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவு கட்டினார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம்! முதலாவதுக்குத் தாய்நாட்டின் பெயரையே வைத்தார்.

உலகம் நம்ப வேண்டுமே? பள்ளி முற்றத்துக்கு எதிரே, மழை ஒழுகும் ஒரு கொட்டகை. அங்கே டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி, கிளறி, வடிகட்டி, 1902-ல் எடுத்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீஸ்வரி ஆகியிருக்கலாம். வாங்கவில்லை. 1903-ல் இயற்பியல் நோபல் பரிசு. 1906-ல் குதிரை வண்டியில் அடிபட்டுக் கணவர் இறந்தார். ரெண்டு பெண் குழந்தைகளோடு நின்றவர், கணவர் விட்ட வகுப்பைத் தாமே தொடர்ந்து நடத்தினார். 1911-ல் வேதியியலுக்கும் நோபல்! முதல் உலகப்போரில் எக்ஸ்ரே வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். கதிரின் ஆபத்தை அன்று யாரும் சரியாக உணரவில்லை. ரத்தம் ஊறாத நோயால் 1934 ஜூலை 4-ல் காலமானார். அவர் எழுதிய நோட்டுகளை இன்றும் ஈயப் பெட்டியில் வைத்துத்தான் பாதுகாக்கிறார்கள்.

இன்று அந்த அளவை வேலை காமா நிறமாலைமானிக்கு வந்துவிட்டது. பாகூர்ப் பக்கத்துச் செங்கல்லையோ சங்கராபரணி ஆற்று மணலையோ எடுத்து, காயவைத்து, சலித்து, ரேடான் வாயு கசியாமல் ஒரு மாதம் போல மூடிவைத்து, ஈயக் கவசத்துக்குள் டிடெக்டர் மேல் வைத்தால் போதும். 1460 கே.இ.வி.-யில் முகடு வந்தால் பொட்டாசியம், 1764-ல் வந்தால் யுரேனியக் குடும்பம், 2614-ல் வந்தால் தோரியக் குடும்பம். எல்லா மண்ணிலும் இவை கொஞ்சம் உண்டு, பயப்பட வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் நிறையவே உண்டு. அம்மையார் மொத்தக் கதிரை மட்டும் அளந்து, எந்தத் தனிமம் என்று நிரூபிக்கப் பல வருடம் பாடுபட்டார். இன்று முகடு இருக்கும் இடமே தனிமத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் கருவி எவ்வளவு வளர்ந்தாலும் ரீடிங்கை எழுதுகிற கை நம்முடையதுதான். நாளைக்கு நாம் சோதிக்கப்போவது ஒரு கட்டடத்தின் கான்கிரீட்டாக இருக்கலாம், ஒரு பாய்லரின் பிரஷர் கேஜாக இருக்கலாம். அங்கே எண்ணை மாத்திப் போட்டால் பாதிக்கப்படப்போவது மனித உயிர். ஆகவே நண்பர்களே, அடுத்த பிராக்டிகலில் ரீடிங் தப்பா வந்தால் அழிக்காதீர்கள். இன்னொரு தடவை எடுங்கள். அப்பவும் அப்படியே வந்தால், அதையே எழுதிக் கொண்டுபோய் சாரிடம் காரணம் கேளுங்கள்!