அச்சத்தை மீறி அவை ஏறியவர்: காந்தியடிகள்

பேருந்திலோ சந்தையிலோ மயங்கிவிடுவோம், வெளியேற இயலாது என்று அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடும் நிலை ‘அகோராஃபோபியா’ எனப்படும் பொதுவெளி அச்சமாகும். குடும்பவழிப் போக்கு, கசப்பான அனுபவம், பிறரின் அச்சத்தைக் காணுதல் ஆகியவற்றால் இத்தகைய அச்சங்கள் தோன்றலாம். தவிர்த்தல் அவற்றை வேரூன்றச் செய்கிறது. காந்தியடிகளுக்கு இருந்தவை இருளச்சமும் அவைக்கூச்சமுமே. எனினும் அவரது வாழ்க்கை உங்களுக்குத் தெளிவு தரும்.

1869ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்த அவர், சிறுவயதில் பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சி, விளக்கின்றி உறங்க மாட்டார். எவரேனும் கேலி செய்வர் என்று அஞ்சி, பள்ளி முடிந்ததும் வீட்டிற்கு ஓடிவிடுவார். இலண்டனில் சட்டம் பயின்றபோது, எழுதி வைத்த உரையைக்கூடக் கூட்டத்தில் படிக்க இயலாமல் தவித்தார். 1891இல் தாயகம் திரும்பியபின், பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிற்காக எழுந்தபோது தலை சுற்றியது, பேச்சு எழவில்லை, அமர்ந்துவிட்டார். தென்னாப்பிரிக்கா செல்லும்வரை அவர் மீண்டும் வாதாடச் செல்லவில்லை. இவ்வாறு விலகும்போது உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே, தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனத்தை நம்பச் செய்கிறது.

1893இல் பிரிட்டோரியாவில் ஒரு வணிகரின் இல்லத்தில் கூடிய இந்தியர்களிடையே, முன்கூட்டியே ஆயத்தம் செய்து, வணிகத்தில் வாய்மை குறித்து உரையாற்றினார். அக்கூட்டங்கள் தொடர்ந்து நடைபெற்றன. ஆயினும் 1896 செப்டம்பரில் பம்பாய்ப் பெருங்கூட்டத்தில் மீண்டும் குரல் நடுங்கியது. உரையை வேறொருவர் படித்தார். அடுத்த மாதமே சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் உரையாற்றினார். இடையில் நேரும் பின்னடைவு தோல்வி ஆகாது.

இன்றைய சிகிச்சையும் அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குகிறது. நீங்கள் தேனியில் வசிப்பவராயின், சிகிச்சையாளர் வழிகாட்ட, முதலில் பேருந்து நிலையம் வரை துணையுடன் சென்று வரலாம். அச்சம் தணியும்வரை அங்கேயே இருந்து பழகியபின் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், இறுதியில் கம்பம் எனத் தொலைவைக் கூட்டலாம். தேவையெனில் மருத்துவர் மருந்தும் அளிப்பார்.

பராமரிப்பவர்களே, அவரைக் கடிந்து இழுத்துச் செல்லாதீர்கள். அவருடைய வெளிவேலைகள் அனைத்தையும் நீங்களே செய்துவிடவும் வேண்டாம். உடன் செல்லுங்கள், பின்னர் சற்றே விலகி நில்லுங்கள்.

படபடப்பும் மூச்சுத்திணறலும் இருப்பின், உடல்நோய் உள்ளதா என முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரை அணுகலாம். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம்.