தஞ்சைக் கோயிலில் கயிறு அறுந்தது!

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோயிலால் பேர் பெற்ற ஊர். அந்தக் கோயிலில் ஒரு கல் உண்டு. அரை வட்டமாகச் செதுக்கி, கோடுகள் கீறிய கல். அதன் மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும். நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ, அதுதான் மணி.

கடிகாரம் இல்லாத காலத்தில் கோணத்தைக் கொண்டே நேரத்தைக் கண்டார்கள். அதே கோணத்தைக் கொண்டு ஒரு தேசத்தையே அளந்தவர் ஒருவர் உண்டு. அவர் இந்த வேலூர்ச் சீமையிலும் மலை ஏறி இறங்கியவர். பெயர் வில்லியம் லாம்ப்டன்.

லாம்ப்டன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் 1750களில் பிறந்தவர். ஏழைக் குடியானவர் வீடு. கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் படிக்க வழி கிடைத்தது. பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் போய் அங்கே கைதியானார். விடுதலையான பிறகு கனடாப் பக்கத்தில் பதின்மூன்று வருஷம் ஒரு சிறிய உத்தியோகத்தில் காலம் தள்ளினார். பொழுது போக வேண்டுமே! கணக்குப் புத்தகங்களையும் வானசாஸ்திரத்தையும் படித்துக் கொண்டே இருந்தார்.

ஒரு நாள் சூரிய கிரகணம் வந்தது. லாம்ப்டன் அதைப் பார்த்தார். ஒரு கண்ணின் பார்வை போய் விட்டது. பிற்காலத்தில் தூரதர்சினிக் கண்ணாடி வழியே இருபது வருஷம் மலைகளைப் பார்த்தாரே, அதெல்லாம் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால்தான்.

1790களின் பிற்பகுதியில் அவருடைய பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது. 1799 பிப்ரவரியில் திப்பு சுல்தானை எதிர்க்க வேலூரில் பெரும்படை திரண்டு மேற்கே புறப்பட்டது. அந்தப் போரில் லாம்ப்டனும் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய சமயம், ஓர் இரவில் பேர்ட் என்ற தளபதியின் கீழ் ஒரு படை நடந்து கொண்டிருந்தது. லாம்ப்டன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நட்சத்திரங்கள் இருந்த இடம் சரியாக இல்லை. படை திசை தப்பி எதிரியின் பாசறையை நோக்கியே போகிறது என்று தெரிந்து கொண்டார். தளபதிக்கு நம்பிக்கை வரவில்லை. திசை காட்டும் கருவியை எடுத்தார்கள். இருட்டில் முள் தெரியவில்லை. ஒரு மின்மினிப் பூச்சியைப் பிடித்து அதன் மேல் விட்டுப் பார்த்ததாகச் சொல்வார்கள். லாம்ப்டன் சொன்னதுதான் சரி!

போர் முடிந்தது. புதிதாகப் பிடித்த நாட்டுக்குச் சரியான படம் இல்லை. இதுதான் சமயமென்று லாம்ப்டன் ஒரு யோசனை சொன்னார். தென்னாட்டைக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை முக்கோணம் முக்கோணமாக அளக்கலாம் என்றார். கம்பெனியார் சம்மதித்தார்கள்.

நாடு முழுவதும் சங்கிலி போட்டு அளக்க முடியுமா? ஆறு குறுக்கிடும், மலை குறுக்கிடும். அதற்கு ஓர் உபாயம் இருக்கிறது. ஒரே ஒரு கோட்டை மட்டும் நன்றாக அளந்து கொள்ள வேண்டும். அந்தக் கோட்டின் இரண்டு நுனிகளிலும் நின்று தூரத்து மலை உச்சி ஒன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு கோணமும் தெரிந்தால் போதும். மலை எவ்வளவு தூரம் என்று கணக்கே சொல்லி விடும். அந்தப் புதிய கோட்டின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

முதல் கோடு சென்னையில் பரங்கிமலைப் பக்கம் போடப்பட்டது. 1802 ஏப்ரல் 10-ந் தேதி வேலை ஆரம்பம். நீளம் ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை வைத்து அளந்தார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எஃகு நீளும். அதற்காகப் பக்கத்திலேயே உஷ்ணமானி வைத்து, நீண்டதைக் கணக்கில் சேர்த்துக் கொண்டார்கள். ஏழரை மைலுக்கு 57 நாள்!

கோணம் அளக்க இங்கிலாந்திலிருந்து தியோடலைட் என்ற பெரிய யந்திரம் வந்தது. மூன்றடி அகலமுள்ள பித்தளை வட்டம். அதில் நுணுக்கமான கோடுகள். மேலே தூரதர்சினி. பாரம் அரை டன். ஆறேழு நெல் மூட்டையின் கனம் என்று சொல்லலாம். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு போய் விட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பீரங்கி இல்லை, விஞ்ஞானக் கருவி. அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் மரியாதையோடு அதைத் திருப்பி அனுப்பி வைத்தார்.

அதன் பிறகு வேலை மேற்கே நகர்ந்தது. போளூர்ப் பக்கத்து மலை உச்சிக்கு யந்திரம் ஏறியது. மைசூர்ச் சீமையைக் கடந்து மங்களூர் வரை போயிற்று. கணக்கை முடித்துப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இந்த இடத்தில் தென்னாட்டின் அகலம் 400 மைல் என்று அதுவரை படங்களில் போட்டிருந்தார்கள். உண்மையில் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் படத்தில் மட்டுமே இருந்திருக்கிறது!

இத்தனைக்கும் சென்னைச் சர்க்காரில் செலவைப் பற்றி முணுமுணுத்தவர்கள் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, இதற்கு ஒரு சர்வே எதற்கு என்பது ஓர் அதிகாரியின் கேள்வி. லாம்ப்டன் பொறுமையாகப் பதில் எழுதிவிட்டு, வேலையைப் பார்த்துக் கொண்டு போனார்.

1808-ல் அவர் தஞ்சாவூருக்கு வந்தார். அங்கேதான் அந்த விபரீதம் நடந்தது.

காவேரிப் பாசன நாட்டில் மலை ஏது? எங்கே பார்த்தாலும் வயல், தென்னை, பனை. உயரமாக இருந்தவை கோயில்கள்தான். ராஜராஜன் கட்டிய பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அதன் மேலே யந்திரத்தை ஏற்றிவிட்டால் நாலா பக்கமும் பார்க்கலாம்.

அரை டன் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்குவது எப்படி? கிணற்றடியில் நின்றிருப்பவர்களுக்கு வழி தெரியும். ஜகடையில் கயிறு போட்டு இழுக்கிறோம் அல்லவா? ஒரே ஜகடை இருந்தால் பாரம் குறையாது. பத்துக் கிலோக் குடத்துக்குப் பத்துக் கிலோ பலம்தான் வேண்டும். ஆனால் மேல் நோக்கி இழுப்பதற்குப் பதிலாகக் கீழ் நோக்கி இழுக்கிறோம். நம் உடம்பின் கனமே நமக்கு உதவி செய்கிறது. பாரத்தோடு சேர்ந்து நகரும் இன்னொரு ஜகடையையும் கோத்து விட்டால், பாதிப் பலம் போதும். ஆனால் ஓர் அடி தூக்க இரண்டு அடி கயிறு இழுக்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுத்துத் தீர வேண்டும். இந்தக் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாது.

விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா வட்டாரத்தில் மோட்டார் பம்பு வருவதற்கு முன் கவலை ஓட்டினார்களே, அதிலும் இதே சூட்சுமம்தான். தோல் பையில் தண்ணீர் மொண்டு வரும். (தோல் பதனிடும் சீமையில் தோலுக்கா பஞ்சம்!) மாடுகள் சரிவில் இறங்கியபடி இழுக்கும். சரிவில் இறங்கும்போது மாட்டின் கனமும் இழுப்போடு சேர்ந்து கொள்ளும்.

தஞ்சையில் இன்னொரு சங்கடம் இருந்தது. விமானம் அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்தது. நேராகத் தூக்கினால் பெட்டி சுவரிலும் சிற்பங்களிலும் உரசும். அதனால் பெட்டிக்குப் பக்கக் கயிறு கட்டி, சுவரில் படாமல் வெளியே இழுத்துப் பிடித்துக் கொண்டார்கள். பெட்டி மெல்ல மெல்ல மேலே ஏறியது.

பக்கக் கயிறு அறுந்தது!

ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்து விட்டால் என்ன ஆகும்? பூமியின் இழுப்பு அதைக் கீழே கொண்டு வரும். வரும்போதே வேகம் கூடும். பெட்டியும் ஊஞ்சலாயிற்று. அரை டன் ஊஞ்சல்! வீசி வந்து கல் சுவரில் மோதியது.

ஓடுகிற பொருள் மெதுவாக நின்றால் அடி குறைவு. சட்டென்று நின்றால் அடி பலம். ஓடும் வண்டி மணலில் புதைந்து நிற்பதும் புளிய மரத்தில் மோதி நிற்பதும் ஒன்றா? கருங்கல் கொஞ்சமும் விட்டுக் கொடுக்காது. வேகம் முழுவதும் ஒரு கணத்தில் நின்றது. பித்தளை வட்டம் கோணிப் போயிற்று. அதன் ஆரைகளும் வளைந்தன.

மயிரிழை பிசகினால் முழுக் கணக்கும் கெட்டுப் போகும் யந்திரம் அது. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வர வருஷக்கணக்காகும். வேலையை நிறுத்தச் சொல்லக் காத்திருந்தவர்களுக்கு நல்ல சாக்கு. பார்த்தவர்கள் எல்லாரும் இனி இது உதவாது என்றார்கள்.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் போனார். கைதேர்ந்த தொழிலாளிகளை மட்டும் கூட வைத்துக் கொண்டார். யந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒரு பெரிய தட்டைப் பலகையில் வட்டத்தின் சரியான அளவைக் குறித்தார். கோணிய வட்டத்தை அதன் மேல் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக் கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டு வந்தார்.

ஆப்பு என்பது என்ன? ஒரு சாய்தளம். விறகுக் கட்டையில் ஆப்பை அடித்தால், உள்ளே போகும் ஓர் அங்குலத்துக்குக் கட்டை நூலளவு பிளக்கிறது. ஆனால் அந்த நூலளவுக்குள் எவ்வளவு பலம்! திருகும் அதேதான். சாய்தளத்தை ஓர் ஆணியைச் சுற்றிச் சுற்றி வைத்தால் திருகாணி. ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு புரி தூரம்தான் நகரும். லாரி டயர் மாற்றத் திருகு ஜாக்கியால் ஒரே ஆள் லாரியைத் தூக்குவது இதனால்தான். லாம்ப்டனுக்கு இங்கே பலம் மட்டுமா வேண்டியிருந்தது? நிதானமும் வேண்டியிருந்தது. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் பித்தளை வேறு பக்கம் கோணும். திருகோ, கேட்ட அளவுக்கு மேல் ஓர் இம்மியும் நகராது. வளைந்த ஆரைகளைச் சிறு மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள்.

ஆறு வாரம் ஆயிற்று. வட்டம் ஏறக்குறைய பழைய உருவத்துக்கு வந்து விட்டது. மறுபடியும் கோபுரம் ஏறியது. அதே யந்திரம் லாம்ப்டன் காலம் முழுவதும் உழைத்தது. அவருக்குப் பின்னும் உழைத்தது.

அவர் மனத்தில் படம் போடுவதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. பூமியின் உருவத்தை அறிய வேண்டும். ராட்டினம் சுற்றும்போது வெளியே தள்ளுவது போல் தோன்றும் அல்லவா? பூமியும் சுற்றுகிறது. நடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகம். அதனால் நடுவில் புடைத்துத் துருவங்களில் தட்டையாக இருக்கும் என்று நியூட்டன் கணக்குப் போட்டிருந்தார். தட்டையான இடத்தில் வளைவு குறைவு. ஒரு பாகை கடக்க அதிக தூரம் போக வேண்டும். லாம்ப்டன் தெற்கே கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே ஒரு கோடு அளந்துகொண்டே போனார். வடக்கே போகப் போகப் பாகையின் நீளம் கூடியது. நியூட்டன் கணக்கு சரிதான். இன்றைய அளவுப்படி நடுக்கோட்டில் பூமியின் விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம்.

1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது. பிரெஞ்சு விஞ்ஞானிகளும் கௌரவித்தார்கள். அதை வாங்கிக்கொள்ளக்கூட அவர் ஊர் திரும்பவில்லை. கோடு பத்துப் பாகை நீளம், சுமார் 700 மைல் வந்திருந்தது. அவருக்கோ வயது ஏறக்குறைய எழுபது. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்கு முகாமை மாற்றிப் போகும் வழியில், 1823 ஜனவரியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அவருக்கு உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டு போனார். அந்தக் கணக்கைக் கொண்டுதான் 1852-ல் உலகத்திலேயே உயரமான சிகரம் எது என்று தெரிந்தது. அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வைத்தார்கள். லாம்ப்டனுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. ஹிங்கன்காட்டில் சமாதி இருக்கிறது.