பறவை அறிஞர் சலீம் அலி

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரத்து வயல்களை வளப்படுத்திக் கிழக்கே செல்கிறது. தை, மாசித் திங்களில் அம்பையிலிருந்து விடியற்காலையில் வண்டியேறும் ஒருவர், பொழுது சாய்வதற்குள் பல்வேறு நிலங்களின் பறவைகளைக் காணலாம். மேற்கே மலைக்காட்டில் இருவாட்சியின் சிறகொலி கேட்கும். அடிவாரத்து ஓடைப் பாறைகளில், குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த சாம்பல் வாலாட்டி ஓடியாடும். ஆற்றங்கரை வயல்களில் கொக்குகள் மேயும். நாங்குநேரிப் பக்கத்து முட்புதர்களில் கௌதாரி பதுங்கும். கூந்தன்குளத்திலோ கூழைக்கடாக்களோடு, இமயத்தைக் கடந்து வந்த வரித்தலை வாத்துகளும் நீந்தும். இத்துணை வேற்றுமைக்கும் பெரிதும் காரணம் மேற்கே நிற்கும் மலைத்தொடரே. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அதன் மேலைச் சரிவு வாங்கிக்கொள்கிறது. கீழைச் சமவெளிக்கு எஞ்சுவது சிறிதே.

இம்மலைத்தொடரின் தென்பகுதிப் பறவைகளை, இடமும் நாளும் குறித்து முறையாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் சலீம் அலி.

அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பது கண்டு வியந்து, மாமனிடம் அது பற்றி வினவினார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராயிருந்த மில்லர்டு, அந்தச் சிட்டின் இனத்தைக் கூறியதோடு, பேழைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த பதப்படுத்திய பறவைகளையும் காட்டினார். சிறுவனின் வாழ்க்கை அன்று திசை திரும்பியது.

ஆயினும் வழி எளிதாக அமையவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலில் ஈடுபட்டுப் பயன் காணாது திரும்பினார். 1918-இல் தெஹ்மினாவை மணந்தார். 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. அதிலிருந்து விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லினில் பேரறிஞர் ஸ்டிரெசமானிடம் பறவையியல் பயின்றார். 1930-இல் தாயகம் திரும்பியபோது, பணமின்மையால் அப்பணியே நீக்கப்பட்டிருந்தது.

கணவனும் மனைவியும் பம்பாயை விட்டுக் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். வேலையற்ற அந்நாட்களில் அவர் சோர்ந்திருக்கவில்லை. அங்கே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். கூடு முடைவது ஆண் பறவை. பாதி முடிந்த கூட்டைப் பார்த்து ஏற்பது பெண் பறவை. ஒரு துணை அமைந்தபின் ஆண் மற்றொரு கூடு கட்டி இன்னொரு துணையைத் தேடும். எல்லாரும் நாளும் பார்த்துக்கொண்டிருந்த குருவியின் வாழ்க்கை, இவ்வாறு அவரால் விளங்கிற்று.

பின்னர் அவர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். தம் உழைப்புக்கு ஊதியம் வேண்டாம், பயணச் செலவு மட்டும் கிடைத்தால் போதும் என்று கூறிச் சமஸ்தானங்களில் பறவை ஆய்வு நடத்த முன்வந்தார். ஐதராபாத்தில் அவ்வாறு பணிபுரிந்தபின், 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றின் பறவைகளை ஆராயும் பணியை மேற்கொண்டார்.

ஜனவரியில் மறையூரில் ஆய்வு தொடங்கியது. மழை மறைவில் கிடக்கும் அந்நிலம் சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலம் மாறியது, பறவைகளும் மாறின. தென்மலையின் ஈரமான காடுகளைக் கண்டவர், ஆரல்வாய்மொழியில் திருநெல்வேலிச் சமவெளியை ஒத்த வறண்ட முட்காட்டையும் கண்டார். அந்நாளில் ஆரல்வாய்மொழியும் செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956-இல்தான் அவை சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இருபுறத்துப் பறவைகளையும் ஒப்பிட்டு நோக்க, இப்பயணம் அவருக்கு நல்வாய்ப்பாயிற்று.

வைகறையில் காடு புகுதல், பறவைகளைச் சுடுதல், அளத்தல், தோலுரித்துப் பஞ்சடைத்தல், சீட்டில் இடமும் நாளும் எழுதுதல் என வேலை நீண்டது. பறவைகளின் காவலராகப் பின்னாளில் போற்றப்பட்டவர் அவற்றைச் சுட்டாரா என்று இன்று படிப்போர் திகைக்கலாம். சுட்டார் என்பது உண்மை. அக்காலத்தில் ஓர் இனத்தை ஐயமின்றி அறிய அறிஞர்கள் கைக்கொண்ட முறை அதுவே. ஆனால் தோல்களைச் சேர்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. எப்பறவை எதைத் தின்றது, எம்மரத்தின் பூவை நாடியது, எப்போது முட்டையிட்டது என்பனவற்றையும் குறித்தார்.

அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கேயுள்ள உயர்மலைகளில் மட்டுமே வாழும் சிரிப்பான் இனம் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை. அம்பைக்கு மேலுள்ள மலைகளும் அதன் வாழிடமே. சமஸ்தானத்து எல்லை மலைமுகட்டோடு முடிந்தது. பறவைக்கு ஏது எல்லை? மேலைச் சரிவைப் பற்றி அவர் எழுதியவை கீழைச் சரிவை அறியவும் துணைசெய்தன.

காட்டு வாழ்வின் இன்னல்களை இன்முகத்தோடு பகிர்ந்துகொண்டவர் தெஹ்மினா. 1939-இல் சிறிய அறுவை மருத்துவத்துக்குப்பின் அவர் திடீரென இறந்தார். அத்துயரைச் சலீம் அலி நெடுநாள் சுமந்தார். பணியை மட்டும் விடவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்து, எண்ணற்றோரைப் பறவை நோக்கர்களாக்கியது. தமிழகத்துக் கோடியக்கரையின் சிறப்பை 1962-இல் எடுத்துக்காட்டியவரும் அவரே. 1967-இல் அது சரணாலயமாயிற்று. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்; 1987-இல், தொண்ணூறு வயதில், பம்பாயில் மறைந்தார்.

2009-இல் கேரளத்துப் பறவை ஆய்வாளர்கள் 1933-ஆம் ஆண்டுக் குறிப்புகளைக் கையிலெடுத்துக்கொண்டு, அவர் சென்ற இடங்களுக்கே மீண்டும் சென்றனர். எழுபத்தைந்து ஆண்டுகளில் எப்பறவை பெருகிற்று, எப்பறவை குறைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அக்குறிப்புகளே அவர்களுக்கு அளவுகோலாயின. அப்பயணத்தையும் ஒரு ஜனவரித் திங்களில், மறையூரிலிருந்தே அவர்கள் தொடங்கினர்.